ஒரு புள்ளி

நூறடி ரோட்டில் என் கடை.
பல்லவனுக்குத் தட்கல், பழனிக்கு வேன்,
சிங்கப்பூருக்கு ஒரு வழி டிக்கெட்.
இவ்வளவுதான் என் ஆகாயம்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
பள்ளத்தூர் உமையாள் ஆச்சி, மெட்ராஸிலிருந்து:
"தனி ப்ளேன் ஒண்ணு பிடிக்கணும், விடியக்காலையில.
அந்த வேலை தெரியுமா உங்களுக்கு?"
தெரியும் என்றேன்.
இருபது வருஷத் தொழிலில்
தெரியாது என்று சொன்ன பழக்கம் இல்லை.

மூன்று நம்பர் சுற்றி நாலாவதில் அகப்பட்டான்
மீனம்பாக்கத்து புரோக்கர் ஒருவன்.
எத்தனை பேர் என்று கேட்டான். ஆச்சியைக் கேட்டேன்.
"ஒரு புள்ளி."

அவனுக்கு விளங்கவில்லை.
நகரத்தார் கோயில் வரிக் கணக்கில்
புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
கல்யாணம் கட்டாதவன்
லட்சாதிபதி ஆனாலும் புள்ளியில் வரமாட்டான்.
இரண்டு பேர் என்று சொல்லி வைத்தேன்.

எடை கேட்டான்.
"நான் அறுபத்தொண்ணு. அவுக
போன தீபாவளிக்கு எண்பத்திரண்டு.
இருங்க, நர்ஸைக் கேட்டுச் சொல்றேன்."
கொஞ்ச நேரம் லைனில்
ஏதோ ஒரு மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"நாப்பத்தேழு."
பேனா ஓடவில்லை. உதறி மறுபடி எழுதினேன்.

ஆறே முக்கால் லட்சம், வரி தனி.
திரும்பும்போது விமானம் காலியாகப் போகும்,
அதற்கும் நாம்தான்.
"ஆளில்லாத சீட்டுக்கு என்னத்துக்குக் காசு?
அந்த முக்காலைக் குறைக்கச் சொல்லுங்க."
ஐசியு வாசலில் நின்று பேரம்.
எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

"செட்டிநாட்டு ஓடுபாதையில இறக்கிவிட மாட்டாகளா?"
சண்டைக் காலத்தில் போட்டது அது.
என் மச்சினன் அங்கேதான் கார் பழகுகிறான்,
ஆடுகளுக்கு ஹாரன் அடித்தபடி.
திருச்சிதான் ஆச்சி, என்றேன்,
அங்கிருந்து ஆம்புலன்ஸ், இரண்டு மணி நேரம்.
"மூச்சோட வீட்டு நிலையைத் தாண்டணுமாம்.
வேற ஒண்ணும் கேக்கலை அவுக."

டாக்டர் சான்றிதழ். ஸ்ட்ரெச்சர். சிலிண்டர்.
ஹூஸ்டனில் பகல்; மகன் சாத்தப்பன்
பன்னிரண்டரைக்குப் பணம் போட்டான்.
ஏழு மணிக்குப் புறப்பாடு.
விமானத்தின் நம்பர்கூட வந்துவிட்டது.
அதைப் பெண்டாட்டியை எழுப்பிக் காட்டினேன்.

நாலு பத்துக்கு ஆச்சி:
"வேண்டாம்னு சொல்லிருங்க."

அப்படியே கொண்டுவரலாமா என்று கேட்டேன்.
அது வேறு ரேட், வேறு பேப்பர், நாளைக்கு ஆகும் என்றான்.
ரத்து செய்தால் சல்லிக்காசு திரும்பாது.
ரோடு வழியாகவே கிளம்பினார்கள்.

ஏழேகாலுக்கு அவனிடமிருந்து செய்தி:
விமானம் கிளம்பிவிட்டதாம்.
திரும்பும் பயணத்தை ராத்திரியே
திருச்சி ஜவுளிக்காரர் ஒருவருக்கு விற்றிருக்கிறான் பாவி.
ஆறே முக்காலையும் வாங்கிக்கொண்டு அது
ஆளில்லாமல் வந்துகொண்டிருந்தது.
ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டேன்.
திண்டிவனம் டோல்கேட்டில் வரிசை, என்றான்.

மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளத்தூர்.
நான் மாலையோடு ஓரமாக நின்றேன்.
தூக்கியவர்கள் நாலே பேர்தான்;
கனம் இல்லை என்று யாரோ சொன்னார்கள்.

பதினெட்டாம் நாள் பில் கேட்டார்.
பயணிகள் என்ற கட்டத்தில் என்ன போடுவது?
யாரும் ஏறவில்லை, பூஜ்யம் என்றுதான் போடவேண்டும்.
கோயில் கணக்கில் என்றால்
இனி அவர் அரைப் புள்ளி.
போனிலேயே கேட்டுவிட்டேன், மடையன் மாதிரி.

"ஒரு புள்ளின்னுதானே பேசினோம்?
அப்படியே போடுங்க."

முக்காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.
"அந்த ப்ளேன் எங்க தலைக்கு மேலதான் போயிருக்கும், என்ன?"
என்று மட்டும் கேட்டார்.
தெரியாது என்றேன்.

கட்டத்தில் 2 அடித்தேன்.
கவுண்டரில் ஒருவர் நின்றிருந்தார்,
நாளைப் பல்லவன், ஒருத்தருக்கு, ஜன்னலோரம்.